அடுத்த எல்.சி. வரைக்கும்

கொழும்பு கோட்டையில் ஒரு வங்கியின் இறக்குமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்.சி. (வாங்குபவர் சார்பில் விற்பவருக்கு வங்கி எழுதித் தரும் பண உறுதிக் கடிதம்) திறப்பது, திருத்துவது, ஆவணங்களைச் சரிபார்ப்பது, பணம் அனுப்புவது, இதுதான் நாள் முழுக்க. பருப்பு, சீனி, மருந்து, சீமெந்து எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் நாட்டுக்குள் வருகின்றன. எரிபொருளும் அப்படித்தான். அதனால் இலங்கையில் அணுமின் நிலையம் கட்டுவது பற்றிப் பேச்சு எழும்போது மற்றவர்கள் கதிர்வீச்சில் தொடங்குவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 44சி என்ற கட்டம்.

எல்.சி.யில் அந்தக் கட்டத்தில் எழுதுவது, சரக்கு கப்பலேற வேண்டிய கடைசித் திகதி. நாட்டில் டொலர் தீர்ந்துபோன 2022இல் எரிபொருள் கோப்புகளில் நாங்கள் திரும்பத் திரும்ப மாற்றியது அதைத்தான். எங்கள் வங்கியின் உறுதி மட்டும் விற்பவருக்குப் போதாது. வெளிநாட்டுப் பெரிய வங்கி ஒன்று அதற்கு மேல் தன் உறுதியையும் (கன்ஃபர்மேஷன்) போட வேண்டும். நாட்டின் கடன் தரம் இறங்க இறங்க அந்த வங்கிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. பணம் முழுதாகக் கைக்கு வந்தால்தான் இறக்குவோம் என்றார்கள் விற்பவர்கள். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் டொலரில் ஏறும். கப்பல் முகவர் ஒருவர் காலையில் நான் கதிரையில் உட்காருவதற்குள் அழைத்துவிடுவார். “தம்பி, இண்டைக்காவது வருமோ?” “இன்னும் கன்ஃபர்மேஷன் வரேல்ல ஐயா.” அவ்வளவுதான் பேச்சு. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஒருவர் வரிசையில் நிற்க, மேலே நாங்கள் டீசலுக்கான எல்.சி.யைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம்.

எரிசக்திச் சுதந்திரம் என்று மேடைகளில் சொல்வதை நான் இந்த மேசையிலிருந்துதான் அளக்கிறேன். ஒரு எல்.சி.க்கும் அடுத்த எல்.சி.க்கும் நடுவில் நாடு எத்தனை நாள் தாங்கும்? எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மெகாவொட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900. ஆண்டுக்கு இருபது லட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். அதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வர வேண்டும். அங்கே பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் நிறுத்தி, படகுகளுக்கு மாற்றித்தான் இறக்குகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதுவும் முடியாது. ஆகவே ஏப்ரலுக்குள் வந்து சேர்ந்த நிலக்கரிதான் மழைக்காலம் முழுதும் ஓட வேண்டும். இடையில் இரண்டு கப்பலுக்குப் பணம் தவறினால், அந்தக் குறை செப்டெம்பர் வரை கூடவே வரும். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இப்போது அணுவுலையைப் பாருங்கள். 1,000 மெகாவொட் உலை ஒன்றுக்கு ஆண்டுக்கு 25 தொன் அளவு எரிபொருள் போதும். ஒருமுறை நிரப்பினால் ஒன்றரை வருடம்வரை ஓடும். புதிய எரிபொருளை மேலும் சில வருடங்களுக்கு வாங்கி ஒரு கிடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம். பஞ்சகாலத்துக்கு வீட்டில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருப்பதைப் போல. 2022இல் எங்களிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால், டொலர் இல்லாத அந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர்ப் பம்பிக்குமாவது மின்சாரம் தடையில்லாமல் போயிருக்கும்.

யுரேனியமும் இறக்குமதிதானே என்று கேட்பார்கள். ஆமாம். உலக உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு கசகஸ்தானிலிருந்து வருகிறது. அதை உலைக்கு ஏற்றதாக்கும் செறிவூட்டலில் ரஷ்யாவின் கை ஓங்கியிருக்கிறது. நம் புல்மோட்டைக் கடற்கரை மணலில் மொனசைட் என்ற கனிமம் இருக்கிறதே, அதில் யுரேனியத்துக்கு மாற்றாகப் பேசப்படும் தோரியம் இருக்கிறதே என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் வாதாடுவார். இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1950களில் தோரியத்தை நோக்கிப் போட்ட மூன்று கட்டத் திட்டத்தில், கல்பாக்கத்தின் வேக ஈனுலையில் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) எரிபொருள் நிரப்பத் தொடங்கியதே அண்மையில்தான். அதுவும் இரண்டாம் கட்டம். தோரியம் மூன்றாம் கட்டம். இந்தியாவுக்கே அப்படி என்றால், மண்ணில் கிடப்பதை நம்பி நாம் கணக்குப் போட முடியாது.

என் கவலை எரிபொருளில் இல்லை, கட்டும் கடனில் இருக்கிறது. பங்களாதேஷின் ரூப்பூரில் 1,200 மெகாவொட் உலைகள் இரண்டு. 1,265 கோடி டொலர் செலவில் ஏறத்தாழ 90 வீதம் ரஷ்யக் கடன். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய வங்கிகள் மீது தடை விழுந்ததும், தவணையை எந்த வழியால் அனுப்புவது என்பதே சிக்கலாகிவிட்டது. பணம் இருந்தும் அனுப்ப வழியில்லாத நிலை அது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பணம் இல்லாததைவிட அது எவ்வளவு பெரிய தலையிடி என்று. எதிர்ப்பக்கத்தில் உக்ரைன் செய்ததையும் பார்க்க வேண்டும். ரஷ்ய வடிவமைப்பு உலைகளுக்கே அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் எரிபொருளைப் பல வருடங்களுக்கு முன்பே சோதித்துப் பழகி வைத்திருந்தார்கள். அதனால்தான் 2022இல் ரஷ்ய எரிபொருள் வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடிந்தது.

அளவும் முக்கியம். எங்கள் உச்ச நேரத் தேவையே 3,000 மெகாவொட் அளவில்தான் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையக் கோளாறில் நாடே இருண்டது. தேவை குறைந்த நேரம், வெயில் மின்சாரம் அதிகம், வலையமைப்பால் தாங்க முடியவில்லை. அப்படிப்பட்ட வலையமைப்பில் 1,000 மெகாவொட் உலை ஒன்று திடீரென நின்றால் என்ன ஆகும்? சிறிய உலைகள்தான் நமக்குப் பொருந்தும். ஆனால் அவை இன்னும் கடையில் வாங்கும் பொருளாகவில்லை. அமெரிக்காவில் நூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம் செலவு ஏறியதால் 2023இல் கைவிடப்பட்டது.

ஆபத்தைப் பற்றி ஒன்று மட்டும். தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, மன்னாருக்கு இன்னும் கிட்ட. அங்கே விபத்து வந்தால் கடல் நம்மைக் காப்பாற்றாது. ஆக, ஆபத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நமக்கு இருக்கிறது, மின்சாரத்தில் இல்லை.

அதனால் நான் இந்தத் திட்டத்தின் பக்கம்தான். ஆனால் ஒப்பந்தத்தை முதலில் வாசிக்க வேண்டும். உலை ஓடத் தொடங்கும் முன்பே சில வருட எரிபொருள் நம் மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு நாடுகள் எரிபொருள் செய்து தரக்கூடிய வடிவமைப்பாக இருக்க வேண்டும். கடன் கொடுப்பவரும் எரிபொருள் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இவற்றை விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் மட்டும் பேசி முடிக்க முடியாது. 2022இல் எரிபொருள் கோப்புகளைக் கையில் வைத்திருந்தவர்களில் பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஓய்வுபெறுவதற்குள் அவர்களையும் அந்தப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட வேண்டும்.