ரப்பருக்கு அடியில் ஒளிந்திருந்த துரு

மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மாமாவின் பழைய பிக்கப்பைத் தண்டையார்பேட்டையில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டோம். காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டி. உப்புக் காற்று போதாதென்று ஐஸ் தண்ணீர் வேறு. தகரம் என்ன ஆகும்?

வெளியே பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது, அவ்வளவுதான். முன்கண்ணாடியைக் கழற்றி ரப்பரை உருவியதும், கீழ் மூலையில் ஸ்க்ரூடிரைவர் வைத்த இடத்தில் உள்ளே இறங்கிவிட்டது. முன்பு யாரோ ஒழுகலை நிறுத்த சிலிகானை அப்பியிருக்கிறார்கள். காயும்போது புளிப்பு வாடை அடிக்குமே, அந்த வகை. அது விடுவது அசிட்டிக் அமிலம். வெறும் இரும்பில் பட்டால் துருவுக்குத் தீனிதான்.

"பட்டி போட்டு மூடிடலாமாண்ணே?" என்றான் பட்டறைப் பையன். மேஸ்திரி முறைத்த முறைப்பில் அடுத்த பேச்சில்லை. அழுகியதை வெட்டி, புதுத் தகடு வெல்டிங், அப்புறம் எபாக்சி பிரைமர், பெயிண்ட்.

கண்ணாடி மாட்டுவதுதான் பார்க்க வேண்டிய வேலை. புது ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, மேஸ்திரி உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பரின் விளிம்பு ஃபிரேம் மேல் ஏறி உட்கார்ந்தது.

ஹோஸ் பிடித்துப் பார்த்தாயிற்று, சொட்டுகூட இல்லை. கூலியைக் கேட்டு மாமாவுக்குத்தான் வேர்த்துவிட்டது.