கலர் வீலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது

ஓவியம் படிக்கச் சேர்ந்ததும் முதலில் வரைய வைப்பது நிறங்களை வட்டமாக அடுக்கிய கலர் வீலைத்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை. இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. தியரித் தாளுக்கு இது போதும். பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகுதான் வம்பு ஆரம்பிக்கும். வெர்மிலியன் என்ற சிவப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து பாருங்கள். ஊதாவுக்குப் பதில் சேறு போல ஒன்று வரும். அதே நீலத்தோடு க்ரிம்சன் என்ற வேறொரு சிவப்பைச் சேர்த்தால் நல்ல கத்தரிப்பூ நிறம் கிடைக்கும்.

வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு. அது உள்ளே வந்தால் மஞ்சளும் கூடவே வருகிறது, மஞ்சளோ கலர் வீலில் ஊதாவுக்கு நேர் எதிரே இருக்கும் எதிர் நிறம். எதிர் நிறங்கள் கலந்தால் ஒன்றின் பளிச்சை மற்றொன்று குறைத்துவிடும். க்ரிம்சன் ஏற்கெனவே நீலப் பக்கம் சாய்ந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பச்சையும் இப்படித்தான். லெமன் யெல்லோவும் ப்ரஷியன் ப்ளூவும் கலந்தால் கண்ணைப் பறிக்கும். அல்ட்ராமரைனும் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சளும் மங்கலான பச்சை தரும். மரம் வரைய எனக்கு அதுதான் பிடிக்கும்.

அதனால் ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் இரண்டு வகை வாங்குங்கள். ஆறு ட்யூப், ஒரு வெள்ளை. பெரிய செட்டுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கலந்து நிரப்புங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் வகுப்பில் கேட்டதைவிட அந்தக் கட்டத்தாளில் நான் கற்றது அதிகம். கறுப்பைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். மஞ்சளை இருட்டாக்கக் கறுப்பைச் சேர்த்தால் அது பாசிப்பச்சையாகிவிடும். அதற்குப் பதில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நன்றாக வேலை செய்யும்.

அப்புறம் டோன், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்பது. மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் வெளியிட்ட நூலில் நிறத்தை மூன்றாகப் பிரித்தார்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்த்தி. மாணவர் படங்கள் தட்டையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான் காரணம். மஞ்சள் அதன் முழு அடர்த்தியிலும் வெளிச்சமான நிறம், ஊதா அப்படியே இருட்டானது. இதை மறந்துவிட்டு நிழலையும் வெளிச்சத்தையும் ஒரே அழுத்தத்தில் பூசினால் பானை உருண்டையாகத் தெரியாது. பானை, பழம் போன்ற அசையாப் பொருள்களை வரையும் ஸ்டில் லைஃப் தேர்வுக்கு முன் ஒரே பழுப்பு நிறத்தில் நிறையப் படங்கள் போட்டுப் பழகுங்கள். பாதிக் கண்ணை மூடிப் பார்த்தால் டோன் வித்தியாசம் பிடிபடும்.

பக்கத்து நிறத்தையும் கவனிக்க வேண்டும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயப் பகுதியின் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் செவ்ரல் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நிறங்களே காரணம் என்று தெரிந்தது. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். கிளிப்பச்சைப் பட்டில் அரக்கு பார்டர் எடுப்பாகத் தெரிவதும் இதனால்தான். ஒரே சாம்பல் சதுரத்தைச் சிவப்புத் தாளிலும் பச்சைத் தாளிலும் ஒட்டிப் பார்த்தால், முதலாவது லேசாகப் பச்சை சாய்ந்தும் இரண்டாவது சிவப்பு சாய்ந்தும் தெரியும்.

தேர்வன்று தண்ணீருக்கு இரண்டு டப்பா எடுத்துப் போங்கள், ஒன்று பிரஷ் கழுவ, மற்றொன்று கலக்க. வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அதனால் ஓரத்தாளில் பூசிக் காயவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள்.