ஒட்டுப்போட்ட வாக்கியங்கள்

ஏப்ரல் 3

எங்கள் செயலி ஜூனில் அரபு, ஜெர்மன், போலிஷ், ஜப்பானியம் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளிவர வேண்டுமாம். "மொழிபெயர்ப்பு வந்ததும் சேர்த்துவிடலாம், அவ்வளவுதானே?" என்றார் மேலாளர். நானும் தலையாட்டினேன். மாலையில் நிரலைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏன் ஆட்டினோம் என்றிருந்தது. திரையில் தோன்றும் வாக்கியங்களில் பாதி, துண்டு துண்டாக எழுதி ஒட்டவைத்தவை.

ஏப்ரல் 7

இன்று முழுவதும் ஒரே வரியோடு மல்லுக்கட்டினேன்: '3 கோப்புகள் அழிக்கப்பட்டன.' ஆங்கிலத்தில் எண் ஒன்றாக இல்லாவிட்டால் சொல்லின் வாலில் ஓர் 'எஸ்' ஒட்டும்படி நிரல் இருக்கிறது. எழுதிய புண்ணியவான் நான்தான். போலிஷில் கோப்பு ஒன்று என்றால் 'பிளிக்'. 2 முதல் 4 வரை 'பிளிகி'. 5 என்றால் 'பிளிகுஃப்'. சரி, பெரிய எண்களுக்கெல்லாம் அதுதான் போலும் என்று நிம்மதியடைந்தால், 22 வந்ததும் மீண்டும் 'பிளிகி'! ஆனால் 12க்கு 'பிளிகுஃப்'தான். அரபியில் இப்படி ஆறு வடிவங்கள். இரண்டுக்கென்றே தனியாக ஒன்று உண்டு. ஜப்பானியத்துக்கு ஒன்றே போதும், வாழ்க.

எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை யூனிகோடு கூட்டமைப்பு மொழிவாரியாகத் தொகுத்துத் தரும் சிஎல்டிஆர் என்ற தரவு சொல்லிவிடுகிறது. நான் செய்ய வேண்டியது ஒட்டுகளைப் பிரித்து, வடிவத்துக்கு ஒரு முழு வாக்கியம் வைப்பது மட்டுமே.

ஏப்ரல் 9

ஆங்கிலத்தில் 8 எழுத்தில் முடிந்த 'செட்டிங்ஸ்' ஜெர்மனில் 'ஐன்ஷ்டெல்லுங்கன்', 13 எழுத்து. பொத்தான் அதைப் பாதியில் வெட்டிவிட்டது. பொத்தானின் அகலத்தை இத்தனை புள்ளிகள் என்று அடித்துவைத்ததும் அடியேன்தான்.

ஏப்ரல் 15

அரபுத் திரையை வலமிருந்து இடமாகத் திருப்பினோம். எல்லாவற்றையும் கண்ணாடியில் காட்டியதுபோல் புரட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட சோதனையாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்செல்லும் அம்பு திரும்ப வேண்டும். குரல் பதிவை ஓட்டும் முக்கோணம் திரும்பக் கூடாது. தொலைபேசி எண்ணும் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும். நாங்களோ கடிகாரப் படத்தைக்கூடப் புரட்டிவைத்திருந்தோம்.

ஏப்ரல் 16

500 யென் கட்டணம் திரையில் 5.00 என்று வந்தது. எந்தப் பணமானாலும் நூறால் வகுக்கும்படி எழுதியிருக்கிறேன். யென்னுக்குத் தசமமே கிடையாது. குவைத் தினாருக்கோ மூன்று இலக்கம். இதைச் சரிசெய்ய அரை மணி நேரம். எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட அரை நாள்.

ஏப்ரல் 21

ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரிடமிருந்து ஒரு கேள்வி: "'ஓப்பன்' என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. 'திற' என்ற கட்டளையா, 'திறந்திருக்கிறது' என்ற நிலையா?"

தேடினேன். ஓரிடத்தில் பொத்தான், இன்னோரிடத்தில் நிலைக்குறிப்பு. ஒரே சொல்தானே என்று அன்றைக்குச் சிக்கனமாக இரண்டுக்கும் நிரலில் ஒரே சரத்தை, அதாவது ஒரே எழுத்துத் துண்டை, மாட்டிவைத்திருக்கிறேன். இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அது வரும் திரையின் படத்தோடு ஒரு விளக்கக் குறிப்பு சேர்த்து அனுப்பினேன். இதேபோல் தனிச்சொல்லாக நிற்பவை எத்தனை என்று எண்ணத் தொடங்கி, அறுபதில் நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.