திரும்பி வந்த கேஸ் ஷீட்டே பாடப் புத்தகம்

அமெரிக்காவில் சிசிஎம் (சர்டிஃபைடு கேஸ் மேனேஜர்) சான்றிதழ் வாங்கிய கேஸ் மேனேஜர், அதாவது நோயாளியின் சிகிச்சையையும் வீட்டுக்குப் போனபின் தொடரும் கவனிப்பையும் ஒருங்கிணைப்பவர், 5 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க 80 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். அதில் 8 மணி நேரம் தொழில்நெறிக்கு. சேலத்தில் இதே வேலையை வார்டு சிஸ்டரும் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவரும் பங்கு போட்டுச் செய்கிறார்கள். மணிக்கணக்கு கேட்க ஆளில்லை. பயிற்சி என்றால் ஸ்லைடு, டீ, குரூப் போட்டோ.

மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆன ஒருவரின் கேஸ் ஷீட்டை, பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பர், ஆதார் எல்லாம் மறைத்து நகலெடுத்து நடுவில் வையுங்கள். (ரிப்போர்ட்டை அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடும் பழக்கம் நின்றாலே தொழில்நெறியில் பாதி தேறிவிடும்.) யார் தப்பு என்று தொடங்கினால் அடுத்த மாதம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போனபின் எந்த நாளில், எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் தேடுங்கள்.

இன்சுலின் கேஸ் என்றால் சிரிஞ்சில் ஆரம்பியுங்கள். வயலில் (மருந்துக் குப்பியில்) மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 என்றால் ஆரஞ்சு மூடி. 40 வயலுக்கு ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. மாறிப்போய் 100 வயலை சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் ஏறும், ஆளே மயங்கிவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "20 யூனிட்" என்று மட்டும் இருந்தால் மருந்துக்கடையில் எந்த சிரிஞ்ச் கையில் வருகிறதோ அதுதான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக்கு வீட்ல எப்படிப் போடுவீங்க, இழுத்துக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். திறந்த வயல் 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 28 நாள் தாங்கும். மே மாதச் சேலத்தில் அது கஷ்டம், மண்பானை வேண்டும். ஏற்காட்டில் வெயில் பிரச்சினையில்லை; விறகடுப்புக்கு மேலே இருக்கிற அலமாரிதான் எமன்.

"7 நாளில் ரிவியூ" என்று எழுதுவது சுலபம். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஓ.பி. சீட்டு வாங்கி, லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் வரவே மாட்டார். டிரஸ்ஸிங், பிரஷர், சுகர் எல்லாம் மலை மேல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆகும். அதைச் சம்மரியில் தனி வரியாக எழுதி, அங்குள்ள சிஸ்டருக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை தொடர வேண்டியவரை மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். டாக்டர் கண்ணால் பார்த்தே ஆகவேண்டிய நாளுக்கு மட்டும் கீழே வரச்சொல்லுங்கள்.

பதிவேட்டில் தேதி, நேரம், கேஸ் சுருக்கம், எதை மாற்றினோம் என நாலே கட்டம். நாலாவது கட்டம் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால், கேஸ் பொறுக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.