முந்நூறு பேர் போதும்

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிவில் எங்கள் சபைப் போதகர் ஐயர் அறிவித்துவிட்டார். மே 5 முதல் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது கோடை விடுமுறையில் சிறுபிள்ளைகளுக்கு நடத்தும் வேத வகுப்புகள். பொறுப்பு என்னுடையது. வழக்கமாக முன்நின்று நடத்தும் இரண்டு அக்காமாரும் இந்த வருஷம் இல்லை. ஒருவர் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், இன்னொருவருக்கு மாற்றல். ஆசிரியர்களாக மிச்சம் இருப்பது கல்லூரிப் பிள்ளைகள்தான். கோயில் வாசலிலேயே கேட்டார்கள்: "ஆள் இல்லாம எப்படிம்மா நடத்தப் போற?"

ஏப்ரல் 29, செவ்வாய்

சபையில் வேதம் போதித்து ஓய்வுபெற்ற உபதேசியார் தாத்தாவைப் பார்க்கப் போனேன். கண்பார்வை மங்கிவிட்டது. ஆள் பற்றாக்குறையைச் சொன்னதும், "வேதாகமத்துல நியாயாதிபதிகள் ஏழு வாசிம்மா" என்றார்.

மீதியானியரோடு போருக்குப் புறப்பட்ட இஸ்ரவேல் தலைவன் கிதியோனோடு 32,000 பேர். பயப்படுகிறவர்கள் திரும்பலாம் என்றதும் 22,000 பேர் போய்விட்டார்கள். மீதி 10,000 பேரையும் தண்ணீரண்டையில் பரீட்சித்து 300 ஆக்கினார் கர்த்தர். நாம் ஆள் கூட்டப் பார்க்கிறோம், அவர் கழித்துக்கொண்டே போகிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: "என் கை என்னை இரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேச இடமிருக்கக் கூடாது. அந்த வசனத்தைத் தாத்தா மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்த 300 பேரும் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் கவனித்தேன். மூன்று படையாகப் பிரிந்தார்கள். ஆளுக்கு ஓர் எக்காளம், ஒரு வெறும்பானை, பானைக்குள் தீவட்டி. ராத்திரியில் எதிரியின் பாளயத்தின் ஓரத்துக்கே போய் நின்றார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி ஆயத்தமில்லாமல் வகுப்புக்கு வருவதை விசுவாசம் என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

மே 1, வியாழன்

மே தின விடுமுறை. கல்லூரிப் பிள்ளைகளைத் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூருக்குக் கூட்டிப்போனேன். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், இந்துக் கோயில்களுக்குத் தேவதாசிகளாக விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்த இடம். அந்த ஊழியம் 1901-ல் தொடங்கியது. பணத்துக்காக மனுஷரிடம் கையேந்துவதில்லை, ஜெபத்தில் கேட்பது என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு.

என்னை மிகவும் தொட்டது அவருடைய கடைசிக் காலம். 1931-ல் குழியில் விழுந்து அடிபட்டார். 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அந்த அறையும் கட்டிலும்தான். ஓடியாடி உழைத்தவரிடமிருந்து ஓட்டமே எடுபட்டுப்போயிற்று. படுத்தபடியே எழுதினார், ஜெபித்தார், அந்தப் பெரிய குடும்பத்தைத் தாங்கினார். தன் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள்: "அவங்க படுத்த பிறகும் வேலை நிக்கலையே டீச்சர், அப்போ அது யாரு வேலை?" ஒரு தலைவர் விலகியதும் ஊழியமும் சேர்ந்து சாய்ந்தால், அது எதன்மேல் நின்றிருந்தது என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மே 4, ஞாயிறு

மாலையில் ஆசிரியர் கூட்டம். "அப்போ திறமை வேண்டாமா?" என்று படம் வரைகிற பையன் கேட்டான். யாத்திராகமம் 31-ஐக் காட்டினேன். தம் கூடாரத்தைச் செய்யப் பெசலெயேல் என்ற கைவினைஞனைப் பேர்சொல்லி அழைத்து, ஞானத்தையும் கைவேலையையும் தம் ஆவியினால் கொடுத்ததே கர்த்தர்தான். கையில் இருப்பது அவர் கொடுத்தது என்று தெரிந்தால் அதை நன்றாகவே செய்வோம், மார்தட்ட மாட்டோம்.

சபைக் கமிட்டிகளில் நான் கண்டது மனதை வருத்துகிறது. ஆரம்ப ஜெபம் ஒரு நிமிஷம், பேச்சு இரண்டு மணி நேரம், முடிவு ஜெபம் அரை நிமிஷம். எல்லாம் தீர்மானித்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் கர்த்தரிடம் போவதுபோல. அதனால் இங்கே ஒழுங்கை மாற்றினோம். வகுப்பு ஒன்பதுக்கு. ஆசிரியர்கள் எட்டுக்கே ஜெபத்துக்கு வந்துவிட வேண்டும்.

மே 7, புதன்

எட்டு மணிக்குக் கோயில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வருகைப் பதிவேட்டைத் திறந்து, சிறுசுகளின் பிகினர் வகுப்பு முதல் பெரியவர்களின் சீனியர் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையின் பெயராக வாசித்து ஜெபித்தோம். அப்பா குடிக்கிற பிள்ளை, அம்மா இல்லாத பிள்ளை என்று பெயரோடு பெயராக வீடுகளும் வந்தன. தானாகப் பேசவே கூச்சப்படுகிற ஒரு மாணவி, பிரைமரி வகுப்புப் பட்டியலை வாசிக்கும்போது அழுதாள். பிறகு அந்த வகுப்புக்கே போய்க் கதை சொன்னாள். சத்தம் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. சிறுசுகள் பாயோடு நகர்ந்து நகர்ந்து அவள் காலடிக்கே வந்துவிட்டன.

சீனியர் பையன்கள் இன்னும் அடங்கவில்லை. பாதிப் பேர் பந்து விளையாடப் போய்விடுகிறார்கள். நாளைக்கு அவர்கள் பட்டியலை முதலில் வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.