உறைகுளிரில் எபாக்சி: மூன்றாவது முறைதான் பிடித்தது

வாசற்படியின் இரும்புக் கைப்பிடி ஆட ஆரம்பித்தது கடுங்குளிரில். கான்கிரீட்டில் புதிதாகத் துளை போட்டு, எபாக்சி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்தால் இறுகும் பசை) ஊற்றி, கம்பியை நட்டால் முடிந்தது என்று இறங்கினேன்.

முதல் முறை வெளியே 1 டிகிரி செல்சியஸ். டப்பாவைத் திறந்தால் ரெசின் அடியில் மணல் மணலாகப் படிந்திருந்தது. கெட்டுப்போகவில்லை, குளிரில் சில ரெசின்கள் இப்படிப் படிகமாகும். டப்பாவைச் சுடுநீரில் வைத்ததும் தெளிந்துவிட்டது. சூடு ஆறுமுன் ஹார்டனர் கலந்து ஊற்றினேன். மறுநாள் கம்பியைத் திருகினால் கையோடு வந்துவிட்டது. உள்ளே ரப்பர் பதம்.

ரெசினைச் சூடாக்கினேனே தவிர, கான்கிரீட்டை மறந்துவிட்டேன். இரவெல்லாம் உறைந்து கிடந்த படி அது. ஒரு கிண்ணம் ரெசினின் சூடு அதற்கு எந்த மூலைக்கு? வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறுகும் வினையின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சாதாரண ஹார்டனர் 5 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்டத் தூங்கிவிடும்.

இரண்டாம் முறை இரண்டு தப்பு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினேன். பாலியெஸ்டர் ரெசினில் பழகிய கை! அங்கே அது வினையைத் தூண்டிவிடும் பொருள்தான்; எபாக்சியில் ஹார்டனரே ரெசினோடு சேர்ந்து பிணையும் கூட்டாளி. அளவு மிஞ்சினால் மிஞ்சியது உள்ளேயே தங்கி மென்மையாக்கும். அப்புறம், தார்பாய் கட்டி உள்ளே கேஸ் ஹீட்டர் வைத்தேன். அது எரியும்போது நீராவியும் கார்பன் டையாக்சைடும் வரும். இரண்டும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து மேலே பிசுபிசுவென்று மெழுகுப் படலம் கட்டிவிட்டது. மூடிய இடத்தில் அப்படி எரிப்பது மூச்சுக்கும் ஆபத்து என்பது வேறு.

மூன்றாம் முறை அவசரப்படவில்லை. பழையதைத் துளைத்தெடுத்து, தூசியைத் துலக்கி ஊதினேன். தார்பாய்க்குள் மின்சார ஹீட்டர். காலையில் மேற்பரப்பு 14 டிகிரி காட்டியது. துளைக்குள் வெப்பமானியை விட்டால் வெறும் 6! இன்னொரு நாள் காத்திருந்தேன். துளைக்குள் ஈரமோ பனியோ இருந்தால் எபாக்சி அதைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. ஹார்டனரையும் மாற்றினேன். ஃபீனால்கமைன் வகை, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து வருவது. குளிரிலும் ஈரத்திலும் மற்றதைவிட நன்றாக இறுகும்.

கலந்து துளையில் ஊற்றி, கம்பியை நட்டேன். அதே கலவையில் ஒரு சிறு கிண்ணம் எடுத்துப் படியிலேயே வைத்தேன். மூன்றாம் நாள் அதில் ஆணியால் கீறினேன். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தது. அதன் பிறகே ஹீட்டரை அணைத்தேன். கைப்பிடி இப்போது ஆடவில்லை. கீழ்ப்படியில் ஒரு விரிசல் பாக்கி. அதை வெயில் வந்ததும் பார்க்கலாம்.