பைட் கணக்கு ஏன் இடித்தது: ஒரு ஈதர்நெட் டிரைவரைச் சரிசெய்த அனுபவம்

32 பிட் ஆர்ம் போர்டு ஒன்றின் லினக்ஸ் ஈதர்நெட் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள்) என் கைக்கு வந்தபோது கூடவே ஒரு புகாரும் வந்தது: எதிர்முனையில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் போர்ட்டில் தெரியும் பைட் கணக்கும் நம் பக்கத்துக் கணக்கும் இடிக்கிறது. வரும் திசையில் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும், அனுப்பும் திசையில்தான் குறையும், அதனால் எல்லோருக்கும் அனுப்பும் பகுதி மேல்தான் சந்தேகம்.

ஆனால் ஒத்துப்போன பக்கமும் தப்புதான். ஈதர்நெட் ஃபிரேமின் (ஒயரில் போகும் பாக்கெட்டின் முழு வடிவம்) கடைசியில் பிழை சோதிக்க 4 பைட் எஃப்சிஎஸ் இருக்கும். ஸ்விட்ச் அதையும் சேர்த்து எண்ணும், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோ சேர்க்காதே என்கிறது. இந்த டிரைவர், கார்டு டிஸ்கிரிப்டரில் (ஒவ்வொரு பாக்கெட்டுக்குமான விவரக் குறிப்பு) எழுதித் தந்த நீளத்தை எஃப்சிஎஸ்ஸோடு அப்படியே கூட்டிக்கொண்டிருந்தது. 4 கழித்ததும் வரும் திசை முடிந்தது. (அனுப்பும் திசையை ஏஆர்பி, அதாவது முகவரி விசாரிக்கும் குட்டிப் பாக்கெட்டை வைத்துச் சோதித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். டிரைவர் கையில் அது 42 பைட், கார்டு நிரப்பி 60 ஆக்கி, எஃப்சிஎஸ்ஸும் சேர்ந்து ஒயரில் 64.)

அனுப்பும் திசை வேறு ரகம். டிஎஸ்ஓ (துண்டு போடுவதைக் கார்டிடம் விடும் வசதி) இருந்தால் கர்னல் பெரிய எஸ்கேபி (கர்னலில் பாக்கெட்டைத் தாங்கும் பெட்டி) ஒன்றைத் தந்துவிடும், துண்டு போடுவது கார்டின் வேலை. தலா 1448 பைட்டாக 10 துண்டு என்றால் எஸ்கேபியின் நீளம் 14,546, ஏனென்றால் 66 பைட் ஹெடர் (முகவரி முதலிய முன்தகவல்) அதில் ஒரே தடவைதான் இருக்கும்; ஒயரில் 10 ஹெடரோடு, எஃப்சிஎஸ் நீங்கலாக, 15,140. இதை ஒரு பாக்கெட் என்று எண்ணினால் எப்படி ஒத்துப்போகும்? துண்டு எண்ணிக்கையில் ஒன்று கழித்து, ஹெடர் நீளத்தால் பெருக்கி, எஸ்கேபி நீளத்தோடு கூட்டினேன். இந்தக் கணக்கை டோர்பெல் அடிக்கும் (அனுப்பச் சொல்லிக் கார்டுக்குச் சைகை தரும்) முன்பே போட்டு வைக்க வேண்டும், அடித்த பிறகு இன்னொரு சிபியு கோரில் வேலை முடிந்து எஸ்கேபியே விடுவிக்கப்பட்டிருக்கலாம். இப்போது, கார்டு நிரப்பி அனுப்பும் குட்டிப் பாக்கெட்டுகள் நீங்கலாக, இரண்டு திசையிலும் ஸ்விட்ச்சைவிட பாக்கெட்டுக்கு 4 பைட் குறைவு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் பைட் கணக்கின் கிராஃபில் எப்போதாவது குத்திட்டு நிற்கும் 4 ஜிபி முள். 64 பிட் எண்ணை இந்த சிபியு இரண்டு பாதியாகப் படிக்கிறது. கீழ்ப்பாதி நிரம்பி மேலே ஒன்று ஏறும் நேரத்தில் படித்தால் பழைய பாதியும் புதிய பாதியும் கலந்துவிடும். 32 பிட்டிலேயே எண்ணலாமே என்றால், 1 ஜிகாபிட்டில் சுமார் 34 விநாடியில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இதற்கென்றே கர்னலில் யூ64 ஸ்டாட்ஸ் சிங்க் இருக்கிறது: எழுதும் பக்கம் ஒரு வரிசை எண்ணை ஏற்றும், படிக்கும் பக்கம் அதை முன்னும் பின்னும் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி படிக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். பெறுவதும் அனுப்புவதும் வெவ்வேறு கோரில் ஒரே சிங்க்கைத் தொட்டால் வரிசை எண் குழம்பி, படிக்கும் பக்கம் முடிவில்லாமல் சுற்ற வாய்ப்புண்டு, அதனால் ரிங்குக்கு (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) ஒன்றாகத் தனித்தனியே வைத்து, யாராவது கேட்கும்போது மட்டும் கூட்டித் தருகிறேன்.